கொத்தமல்லிக்கு இரண்டு விலை

ஜொகூரின் உட்பகுதி ஊர் ஒன்றில் நம்மவர் ஒருவர் நடத்திவரும் மளிகைக் கடையில் நிகழ்ந்த ஒரு சிறு சங்கதியைக் கொண்டு இப்பாடத்தை ஆரம்பிக்கிறோம். கடையின் பெயரோ ஊரின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. நம் வாசகர்களில் பலருக்கு அது தங்கள் கடையைப் போலவே தோன்றும் என்பதில் ஐயமில்லை.

ஒருநாள் காலை ஓர் அம்மையார் கொத்தமல்லித் தூள் இரண்டு பாக்கெட் எடுத்து வந்தார். ஒரே அலமாரி, ஒரே தூள், ஒரே எடை. ஆனால் கல்லாவில் இருந்த கணினி ஒன்றுக்கு 4 வெள்ளி 50 காசும் மற்றதற்கு 5 வெள்ளி 20 காசும் போட்டது. "என்ன பாய், நான் அலமாரியிலேருந்து இங்க நடந்து வர்றதுக்குள்ளே விலை ஏறிப்போச்சா?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்று அந்தக் கடையில் பாட்டனார் காலத்திலிருந்தே விற்றதில்லை. இரண்டு பாக்கெட்டுக்கும் குறைந்த விலையையே வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த மகனை அழைத்தார்.

விலைப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது கல்லூரியில் கணினி பயிலும் அந்த மகனுடைய பொறுப்பு. பட்டியல் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வரிக்கு ஒரு பண்டமாக, பெயர், எடை, விலை என்று எழுதிய சாதாரணக் கோப்பு. கல்லாவும் லேபல் அச்சிடும் இயந்திரமும் அதிலிருந்துதான் விலையை எடுத்துக்கொள்கின்றன. ஒரே பண்டம் இரண்டு வரிகளில் வந்துவிட்டால் அடியில் சிவப்புக் கோடிட்டுக் காட்டும்படி பையன் தானே ஒரு சிறு கருவியைச் செய்து வைத்திருந்தான். அந்தக் கருவி அன்றுவரை கொத்தமல்லியைப் பற்றி மூச்சு விடவில்லை. பட்டியலிலோ கொத்தமல்லித் தூள் 41ஆம் வரியில் ஒரு முறையும் 388ஆம் வரியில் ஒரு முறையும் இருந்தது. விலை ஏறியபோது பையன் ஒன்றைத் திருத்தினான், மற்றது பழைய விலையிலேயே நின்றுவிட்டது.

"அத்தா, மிளகை ரெண்டு தடவை எழுதிப் பார்த்தேன், சரியாக் கோடு போட்டுச்சே" என்றான் பையன்.

"மிளகுக்குப் போட்டுச்சு. கொத்தமல்லிக்குப் போட்டுச்சா பார்த்தியா?" என்றார் தகப்பனார்.

தகப்பனாருக்குக் கணினி தெரியாது. ஆயினும் இந்த ஒரு கேள்வியில் நமது பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

கருவி செய்வதும் கோடு போடுவதும் வியாபாரிகளாகிய நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நம் நாட்டில் மின்னியல் இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வந்தது. அந்த இன்வாய்ஸ் வரித் துறைக்குப் போய்ச் சேருவது எக்ஸ்எம்எல், ஜேசன் என்னும் எழுத்துக் கோப்பு வடிவங்களில்தான். பேரேடும் சிட்டையும் இருந்த இடத்துக்கு இத்தகைய கோப்புகள் வந்துவிட்டன. அவற்றைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் நம் பிள்ளைகள் கையாளும் மேசைதான் எடிட்டர் என்பது. அந்த மேசையில் பொருத்திக்கொள்ளும் துணைக் கருவிக்குச் செருகுநிரல் என்று பெயர். பிளகின் என்றும், சில எடிட்டர்களில் எக்ஸ்டென்ஷன் என்றும் சொல்வார்கள்.

இது புதிய ஏற்பாடும் அன்று. 1976இல் தோன்றிய ஈமேக்ஸ் என்னும் எடிட்டரே, உபயோகிப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் வளர்ந்ததுதான். இன்று நம் பிள்ளைகள் அதிகமாகக் கையாளுவது மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 ஏப்ரலில் அறிவித்து, 2016 ஏப்ரலில் முதற் பதிப்பாக வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட். விலை கொடுக்க வேண்டியதில்லை. அதையே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அந்த எடிட்டருக்கான செருகுநிரலில் முக்கியமான கோப்புகள் இரண்டு. ஒன்று பேக்கேஜ் ஜேசன் எனப்படுவது. சரக்கு மூட்டையோடு வரும் சீட்டுப் போன்றது இது. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனையாவது பதிப்பு, எடிட்டரின் எந்தப் பதிப்புக்கு மேல் வேலை செய்யும், என்னென்ன கட்டளைகளைத் தரும் என்பன இதில் எழுதப்படும். எந்தச் சமயத்தில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதிலேயே வரும். இந்தக் கடைசி விஷயத்தைப் புதியவர்கள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். எடிட்டரைத் திறந்தவுடனே எல்லாக் கருவிகளும் எழுந்து உட்கார்ந்துகொண்டால், கடை திறக்குமுன் பத்துப் பேர் வாசலில் நின்று கூச்சலிடுவது போலாகும். விலைப் பட்டியல் கோப்பைத் திறக்கும்போது மட்டும் எழுந்தால் போதும்.

மற்றொரு கோப்பு வேலையைச் செய்யும் நிரல். ஜாவாஸ்கிரிப்டிலோ டைப்ஸ்கிரிப்டிலோ எழுதுவது வழக்கம். விழித்தவுடன் செய்ய வேண்டியதற்கு ஒரு பகுதியும், மூடும்போது செய்ய வேண்டியதற்கு ஒரு பகுதியும் அதில் உண்டு. இந்த அமைப்புக்கான எலும்புக்கூட்டை உண்டாக்கித் தர ஒரு தனிக் கருவியே இருப்பதால், பெயரும் விவரமும் கொடுத்தால் சில நிமிஷங்களில் ஆரம்ப வேலை முடிந்துவிடும். அதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை.

நீட்டி எழுத வேண்டியது இரண்டாவது ஜன்னலைப் பற்றித்தான். செருகுநிரலை எழுதிக்கொண்டிருக்கும் எடிட்டரில் எஃப் 5 என்ற விசையை அழுத்தினால், அதே எடிட்டர் இன்னொரு ஜன்னலாகத் திறக்கிறது. புதிய கருவி அந்த ஜன்னலில் மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். எழுதுகிற ஜன்னல் வேறு, ஓட்டிப் பார்க்கிற ஜன்னல் வேறு. நிரலில் ஏதேனும் ஒரு வரியில் நிறுத்தற்குறி வைத்துவிட்டு இரண்டாவது ஜன்னலில் பட்டியலைத் திறந்தால், ஓட்டம் அந்த வரியில் வந்து நிற்கும். அவ்வேளையில் கருவியின் கையில் என்ன சொல் இருக்கிறது, என்ன எண் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் ஒன்று. அந்த இரண்டாவது ஜன்னலில் திறக்கும் கோப்பு உண்மையான கோப்பாகவே இருந்தால், அங்கே நடக்கும் கேடும் உண்மையான கேடுதான். ஆகவே கடையின் அசல் பட்டியலை அங்கே திறக்கலாகாது. நகல் எடுத்துக்கொண்டு அதைத் திறக்க வேண்டும். இதை நாம் இரண்டு முறை சொன்னாலும் தவறில்லை.

இனிக் கொத்தமல்லிக்கு வருவோம்.

2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டபடியால், நமது சங்கத்து வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. அப்படி ஒரு ஞாயிறன்று அந்தத் தம்பி தன் மடிக்கணினியோடு வந்து நமக்குக் காட்டினார். திரையில் இரண்டு கொத்தமல்லிகள். நாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம். அணுவளவும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கணினி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, அதன் எண்ணைப் பார்க்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்த யூனிகோட் என்னும் பதிவேட்டில், 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதில் ககரத்தின் எண் 2965. ஒகரக் குறிக்கு 3018 என்று ஒரே எண் உண்டு. ஆகவே 'கொ' என்பது 2965, 3018 என்று இரண்டு எண்களாகும். ஆனால் எகரக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்றும் தனித்தனி எண்கள் இருக்கின்றன. 2965, 3014, 3006 என்று மூன்றாக எழுதினாலும் திரையில் அதே 'கொ'தான் தோன்றும். முன்னாளில் அச்சுக் கோப்பவர் கொம்பு, ககரம், கால் என்று மூன்று ஈய அச்சுகளை எடுத்து வரிசையாக வைத்த கதைதான் இது.

ஒரே கடையில் இரண்டு விதமும் எப்படி வந்தன? அதற்கும் காரணம் உண்டு. தமிழைக் கணினியில் ஏற்றியவர்களில் நம் நாட்டவர் முன்வரிசையில் நின்றார்கள். முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பிற்பாடு முரசு அஞ்சலாக வளர்ந்தது. பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. அந்நாட்களில் யூனிகோட் பரவவில்லை. ஒவ்வோர் எழுத்துரு முறைக்கும் ஒவ்வோர் எண் வரிசை இருந்தது, அவற்றில் பலவற்றில் அச்சுக்கூடம் போலவே கொம்பு முதலில் நின்றது. அப்படி எழுதிய பழைய கோப்புகளைப் பின்னாளில் யூனிகோடுக்கு மாற்றியபோது, சில மாற்றுக் கருவிகள் கொம்பைப் பின்னுக்குத் தள்ளினவேயன்றிக் கொம்பையும் காலையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. நம் கடையின் 41ஆம் வரி, பழைய கணக்கர் எந்தக் காலத்திலோ எழுதி மாற்றப்பட்டது. 388ஆம் வரி, பையன் தன் கைத்தொலைபேசியில் தட்டியது. மிளகில் ஒகரம் கிடையாது. ஆகவே மிளகைக் கொண்டு செய்த சோதனையில் குற்றம் வெளிப்பட வழியே இல்லை.

இதற்குப் பரிகாரம் சுலபம். ஒப்பிடுமுன் இரண்டு சொற்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சீராக்கல் என்ற வேலை ஜாவாஸ்கிரிப்டிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு சொல்லைச் சேர்த்தால் கொம்பும் காலும் கூடி ஒகரமாகிவிடும். தம்பி அதைச் சேர்த்தார். 41ஆம் வரியிலும் 388ஆம் வரியிலும் சிவப்புக் கோடு விழுந்தது. அதோடு வேறு ஏழு பண்டங்களிலும் விழுந்தது! அவற்றுள் கோதுமை மாவும் ஒன்று. எத்தனை பேருக்கு எத்தனை காசு கூடவோ குறையவோ போயிற்று என்பதை இனி யார் கணக்கிட முடியும்?

கருவி தேறிவிட்டது என்று எண்ணிய தம்பி அதைக் கடையின் பற்றுக் கணக்குக் கோப்புக்கும் உபயோகிக்கத் தொடங்கினார். அங்கேதான் இன்னும் பெரிய சங்கடம் காத்திருந்தது. பள்ளிவாசல் மௌலவி அவர்கள் அந்தக் கடையில் மாதப் பற்று வைத்திருப்பவர், மாதம் முடியுமுன்னே தீர்த்துவிடுபவர். ஒரு மாதம் பணம் கட்டிச் சென்ற மறுநாள், கோப்பில் அவர் பெயருக்கு எதிரே 86 வெள்ளி பாக்கி நின்றது. கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவன், விவரம் அறியாமல், லுஹர் தொழுது வெளியே வந்த அவரிடம் அதைக் கேட்டும்விட்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு நேராக வந்து, தம் சட்டைப் பையிலிருந்த ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாளி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

கோப்பில் 'மௌலவி' என்று ஒரு கணக்கும், 'மெளலவி' என்று மற்றொரு கணக்கும் இருந்தன. வாசகர்கள் இவ்விரண்டையும் உற்றுப் பார்க்க வேண்டுகிறோம். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் இருப்பது எகரக் கொம்பும், அதன்பின் ளகர எழுத்தும். ஔகாரக் குறியின் வலப்பக்கம் பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், தட்டச்சு செய்பவர்கள் ளகரத்தையே போட்டுவிடுகிறார்கள். யூனிகோட் பதிவேட்டில் அந்த வலப்பக்கக் குறிக்கு எண் 3031, ளகரத்துக்கு 2995. இதைச் சீராக்கல் திருத்தாது. கொத்தமல்லியில் ஒரே எழுத்தை இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள், இங்கேயோ எழுத்தே வேறாகிவிட்டது. மௌலவி மூன்று எழுத்து, மெளலவி நான்கு எழுத்து. மௌலிது, மௌலானா, மௌத்து என்று நம்மவர் வழக்கில் ஔகாரச் சொற்கள் அதிகம் என்பதால், இந்தத் தொல்லை மற்றவர்களைவிட நமக்கே அதிகம் என்று தோன்றுகிறது.

தம்பிக்கு அன்று வந்த ரோஷத்தில், கொம்புக்குப் பின்னால் ளகரம் எங்கே வந்தாலும் அதை ஔகாரமாக மாற்றிவிடும்படி ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு இரண்டாவது ஜன்னலில், நகல் கோப்பின்மேல் ஓட்டினார். மௌலவியின் கணக்குகள் ஒன்றாயின. கூடவே கோப்பு முழுவதும் 'வெள்ளி' உடைந்து சிதறியது! வெள்ளியிலும் கொம்பை அடுத்து ளகரம் இருக்கிறதல்லவா? வெள்ளைப்பூண்டும் போயிற்று, கெளுத்தி மீனும் போயிற்று. நகலாக இருந்தமையால் நஷ்டம் ஒன்றுமில்லை. அசலாக இருந்திருந்தால், ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளைக் கையால் திருத்த வேண்டி வந்திருக்கும்.

பின்னர் அவர் செய்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ, இகரம் உகரம் முதலிய குறியோ இருந்தால் அது ளகரமேதான், தொடக்கூடாது. வெள்ளி, வெளி, கெளுத்தி எல்லாம் இவ்வகையில் தப்பிவிடும். வெறும் ளகரமாக நின்றால் மட்டும் சந்தேகம். அப்போதும் கருவி தானாக மாற்றாது. அடியில் மஞ்சள் கோடிட்டு, இது ஔகாரமாக இருக்குமோ என்று கேட்கும். ஏனென்றால் 'வெளக்கு' என்று பேச்சு வழக்கில் எழுதி வைப்பவர்களும் கடைகளில் உண்டு. மாற்றுவதும் மாற்றாததும் மனிதன் பொறுப்பு. ஒருவருடைய கணக்கை இன்னொருவர் கணக்கோடு சேர்க்கும் விஷயத்தில் இந்த நிதானம் அவசியம்தானே!

தராசுக்கு முத்திரை வைக்க வருகிறவர் நம் சரக்கை நிறுத்துப் பார்ப்பதில்லை. தம்மிடமுள்ள, கணக்குத் தெரிந்த எடைக்கற்களைக் கொண்டு வருகிறார். சின்னக் கல், பெரிய கல், தட்டின் ஓரத்தில் ஒரு தரம், நடுவில் ஒரு தரம் என்று வைத்துப் பார்க்கிறார். செருகுநிரலுக்கும் இவ்வாறே கற்கள் வேண்டும். இன்ன சொல்லைக் கொடுத்தால் இன்ன விடை வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், அது ஒரு கல். தம்பியின் முதற் சோதனையில் மிளகு என்ற ஒரே கல்தான் இருந்தது. இப்போது கொத்தமல்லி இருவகையும், மௌலவி இருவகையும், வெள்ளியும், கெளுத்தியும் கற்களாகிவிட்டன. ஒரு தரம் அகப்பட்ட பிழை பிறகு எக்காலத்தும் அந்தப் பட்டியலை விட்டு நீங்குவதில்லை. நிரலில் ஒரு வரி மாறினாலும் எல்லாக் கற்களையும் மறுபடி ஏற்றி இறக்க வேண்டும். கையால் செய்தால் அலுப்புத் தட்டும், அலுப்புத் தட்டினால் விட்டுவிடுவோம். ஆகவே அந்த வேலையையும் கணினியிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒரு கட்டளை கொடுத்தால், அது எடிட்டரைத் தானே திறந்து, சோதனைகளை வரிசையாக ஓட்டி, தேறியது எது தவறியது எது என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். மோக்கா என்ற சோதனைக் கருவி இதற்குத் துணை.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. தம்பி முதலில் எழுதிய நிரலில் தீர்ப்புச் சொல்வதும் கோடு போடுவதும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. இரண்டு சொற்கள் ஒன்றா என்று சோதிக்கவும் எடிட்டர் முழுவதையும் திறந்தாக வேண்டியிருந்தது. பிறகு அவற்றைப் பிரித்துவிட்டார். சொற்கள் ஒன்றா என்று தீர்ப்புச் சொல்லும் பகுதிக்கு எடிட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அதை நொடியில் நூறு முறை சோதிக்கலாம். கோடு சரியான வரியில் விழுகிறதா, வரியைத் திருத்தியதும் கோடு மறைகிறதா என்ற சில சோதனைகளுக்கு மட்டும் எடிட்டரைத் திறந்தால் போதும். கணக்குப் போடுகிறவரும் கல்லாவில் நிற்கிறவரும் ஒருவராகவே இருந்தால் பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது நாம் அறிந்ததுதான்.

எழுத்தை எண்ணும் விஷயமும் இதைப் போன்றதே. லேபலில் இடம் குறைவானபடியால், பெயர் நீண்டால் எச்சரிக்க வேண்டும் என்று தம்பி ஒரு விதி வைத்திருந்தார். ஜாவாஸ்கிரிப்டில் சொல்லின் நீளத்தைக் கேட்டால் அது எண்களைத்தான் எண்ணிச் சொல்லும். கொத்தமல்லி நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. ஏலக்காய் நமக்கு ஐந்து, அதற்கு எட்டு. மிளகை நான்கோடு வெட்டு என்றால் உகரத்தை வெட்டி 'மிளக' என்று கையில் கொடுக்கும். குறியையும் எழுத்தையும் சேர்த்தே எண்ணுவதற்கு ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் என்ற வசதி உண்டு. பைதான் மொழியில் எழுதுபவர்களுக்கு, எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலானோர் செய்து இலவசமாகத் தந்திருக்கும் ஓப்பன் தமிழ் என்ற தொகுப்பு உதவும். ஹனீஃபா என்ற பெயரை எத்தனை எழுத்தாக எண்ணுவது என்று வகுப்பில் ஒரு வாதமே நடந்தது. ஆய்தத்தைத் தனியே எண்ணினால் நான்கு, காதால் கேட்டால் மூன்று. கணினி நான்கு என்கிறது. லேபலுக்கு நான்கு என்றே வைத்துக்கொள்ளலாம், இடம்தானே வேண்டும்!

விலையைக் கூட்டும் இடத்தில் வெள்ளியைப் புள்ளி வைத்த எண்ணாக வைக்காமல், காசாக மாற்றி முழு எண்ணாகவே வைக்க வேண்டும். பத்துக் காசை 0.1 என்று எழுதி மூன்று முறை கூட்டச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்ட் 0.3 என்று சொல்லாமல் கடைசியில் ஒரு துரும்பை ஒட்டிவிட்டுத்தான் சொல்லும். 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை ஐந்து காசுக்குச் சரிக்கட்டும் வழக்கம் வந்ததை யாவரும் அறிவர். அது மொத்தத்துக்கு மட்டுமே, தனித்தனிப் பண்டத்துக்கு அன்று. இதற்கும் இரண்டு கற்கள் போட்டுவைத்தால் நல்லது: 12 காசில் முடியும் பில் 10க்கு இறங்குகிறதா, 13இல் முடிவது 15க்கு ஏறுகிறதா என்று.

தேறிய செருகுநிரலை ஒரே மூட்டையாகக் கட்டிப் பிறருக்குக் கொடுக்கலாம். வி.எஸ்.ஐ.எக்ஸ். என்று முடியும் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் குளுவாங்கில் இருக்கும் கடைக்கும் மூவாரில் இருக்கும் கடைக்கும் அனுப்பலாம், அல்லது மைக்ரோசாப்டின் இணையச் சந்தையில் எல்லாருக்குமாக வைக்கலாம். அனுப்புமுன் பதிப்பெண்ணை ஏற்றுவதை மறக்கலாகாது. எந்தக் கடையில் பழைய கருவி, எந்தக் கடையில் புதியது என்று தெரியாமற்போனால், தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசியும் விளங்காது.

பிறர் செய்த செருகுநிரலை நாம் வாங்கிப் போடும் விஷயத்தில்தான் நமக்குக் கவலை அதிகம். இந்த எடிட்டரில் செருகுநிரலுக்குத் தனிக் கூண்டு கிடையாது. எடிட்டருக்கு என்னென்ன அனுமதி உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. கோப்பைப் படிக்கலாம், எழுதலாம், இணையத்தின் வழியே வெளியே அனுப்பலாம். கல்லாச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்ப்பது போலவே இதையும் பார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் கிளாஸ்வர்ம் என்ற தீநிரல் வெளிப்பட்டது. அது செருகுநிரல்களுக்குள்ளேயே புகுந்து, கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறிகளில் தன்னை ஒளித்துக்கொண்டு, நிரல் எழுதுபவர்களின் கணக்குச் சாவிகளைத் திருடியது. நம் மெளலவியை மறைத்த அதே யூனிகோடில் திருடனும் மறைந்துகொண்டான் என்பதைப் பாருங்கள். 2025இன் தொடக்கத்தில் வந்த 1.97ஆம் பதிப்பு முதல், புதிய வெளியீட்டாளரின் செருகுநிரலைப் போடும்போது, இவரை நம்புகிறீர்களா என்று எடிட்டரே ஒரு கேள்வி கேட்கிறது. படிக்காமல் ஆம் என்று அழுத்திவிடுகிறவர்களே அநேகம். எழுத்தை எண்ணுவது மட்டுமே தன் வேலை என்று சொல்லும் ஒரு கருவி இணையத்தோடு பேச ஏன் ஆசைப்பட வேண்டும்? வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் தேவையற்ற செருகுநிரல் ஒன்றுகூட இருக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். கடையில் இரண்டு கணினி வைக்க வசதியுள்ளவர்கள் கருவி சோதிப்பதைக் கணக்கில்லாத கணினியில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது. சில கடைகளின் பட்டியலில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்திலேயே ஜாவியிலும் பெயர் இருக்கிறது. ஜாவி வலமிருந்து இடமாகப் போகும், தமிழ் இடமிருந்து வலம். இரண்டும் ஒரே வரியில் சந்திக்கும்போது, நடுவே நிற்கும் விலை திரையில் இடம் மாறித் தோன்றுகிறது. கோப்பில் சரியாகத்தான் இருக்கிறது, பார்வைக்கு மட்டும் எடை இருக்க வேண்டிய இடத்தில் விலை நிற்கிறது. இதைத் தம்பி இப்போது சோதித்து வருகிறார்.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். உங்கள் பட்டியலிலும் பற்றுக் கோப்பிலும் ஒரே பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டால், அந்தச் சொல்லை மட்டும் கோப்பிலிருந்து நகலெடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். கையால் மறுபடி தட்டி அனுப்ப வேண்டாம், தட்டினால் பிழை மறைந்துவிடும். ஆட்களின் விவரமும் தொகையும் வேண்டாம். இதுவரை 23 சொற்கள் சேர்ந்திருக்கின்றன.